உட்காரக் கூடாத நாற்காலி

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. ஒரு நாற்காலியின் கதை சொல்லப்போகிறேன். உங்களில் நாற்காலியில் உட்காருகிறவர்கள் ஒருமுறை அதை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். எதற்கு என்று கதை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

எங்கள் டெவன்போர்ட் ஊரில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வருகிற தெருவில் இருக்கும் நோலீன் அன்று காலை வீடே அதிரக் கூச்சல் போட்டாள். காரணம், செல்போனில் வந்து விழுந்த ஒரு செய்தி.

“மெர்வ்! மெர்வ்! ஓடி வா! ரீஃபண்ட் கேக்குறாங்க!”

அவள் கணவன் மெர்வ் வாயில் பாதி லாமிங்டன் கேக்கோடு ஓடி வந்தான். “எதுக்கு? கெட்டிலா, டோஸ்டரா?”

“நாற்காலி! வாட்டில் கிரீக் ஊருக்கு அனுப்பினோமே, அந்த நாற்காலி!”

நோலீன் ஆன்லைனில் விற்பது உடைந்த சாமான்கள் மட்டும்தான். முழங்கால் போய் பட்டாணி ஆலை வேலையை விட்டபிறகு, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள், ஒருநாள் காரேஜைத் திறந்து கடை போட்டுவிட்டாள். கைப்பிடி போன கெட்டில், ஒரே பக்கம் கருக்கும் டோஸ்டர், கழுத்து நிற்காத மின்விசிறி. வாங்கவும் ஆள் இருந்தது. உதிரிப்பாகத்துக்கு வாங்குவார்கள், ரிப்பேர் பார்த்து விற்பார்கள், சிலர் அதில் பூச்செடிகூட வைப்பார்கள். அந்தக் கடை வந்தபிறகுதான் நோலீன் காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுந்திருக்க ஆரம்பித்தாள்.

குறையை மறைக்க மாட்டாள். எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே சிவப்பு வட்டம் போட்டுப் படம் எடுப்பாள். டோஸ்டர் வாங்கிய ஒருவர், “ஒரு பக்கம் கருகுது, பணத்தைக் குடு” என்று எழுதியபோது, “ஐயா, சிவப்பு வட்டத்தைப் பாருங்க. மறுபக்கமும் கருகினாச் சொல்லுங்க, உடனே தர்றேன்” என்று பதில் போட்டாள். மனிதர் அஞ்சு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போனார். இதுவரை ஒருவருக்கும் பணத்தைத் திருப்பித் தந்ததில்லை.

தரவும் முடியாது. மெர்வின் தங்கை தெல்மா போட்ட பந்தயம் அப்படி.

“குப்பையை யார் அண்ணி வாங்குவா? ஒரே ஒரு ரீஃபண்ட் குடுத்தாலும் கடையை மூடிடணும். காரேஜ்ல என் கேரவன் வண்டி நிக்கும். சம்மதமா?”

ரோஷத்தில் நோலீன் கையடித்துக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தெல்மாவின் கேரவன் வாசல் புல்தரையில், காரேஜ் கதவைப் பார்த்தபடி காத்து நிற்கிறது.

இப்போது இந்தச் செய்தி.

‘நாற்காலி நீங்கள் எழுதியபடி இல்லை. உட்கார்ந்து பார்த்தோம். ஏமாந்தோம். பணத்தைத் திருப்பித் தரவும். திருமதி பிராம்வெல், நகர மண்டபம், வாட்டில் கிரீக்.’

“என்ன அநியாயம் பாரு! ‘பார்க்க அரண்மனை நாற்காலி, உட்கார்ந்தால் கால்கள் பிரிந்துவிடும், உட்காரக் கூடாது’ன்னு எழுதியிருக்கேன். நாலு காலுக்கும் சிவப்பு வட்டம் போட்டிருக்கேன். உட்கார்ந்து பார்த்தாங்களாம்!”

மெர்வ் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றுமில்லை.

“மெர்வ்... என்ன பண்ணித் தொலைச்சே?”

“பெருசா ஒண்ணுமில்ல. பார்சல் கட்டும்போது கால்ல கொஞ்சம் பசை வெச்சேன். உடைஞ்சதை உடைஞ்சபடியே அனுப்ப மனசு வரல.”

“அட கிறுக்கா! உடைஞ்சபடி அனுப்பினா எவனும் உட்கார மாட்டான். நீ நல்ல நாற்காலி மாதிரி ஆக்கி அனுப்பியிருக்கே. நம்பி உட்கார்ந்திருக்காங்க, பசை விட்டிருக்கு, விழுந்திருக்காங்க!”

“யாராவது விழுந்தாங்களான்னு கேட்டு எழுதேன்.”

“கேட்டா நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வாயைத் திறக்காதே.”

மெர்வ் யோசித்தான். “நகராட்சிக்காரங்க எதுக்கு நோலீன் உடைஞ்ச நாற்காலி வாங்கினாங்க?”

“கஞ்சப் பசங்க! புதுசு வாங்கினாக் காசு போயிடுமே. வரி மட்டும் கரெக்டா வாங்குவாங்க.”

நோலீன் எழுதினாள்: ‘மன்னிக்கவும். குறை எதுவானாலும், என் கணவர் நேரில் வந்து சரி செய்து தருவார். பணம் மட்டும் கேட்க வேண்டாம்.’

உடனே பதில் வந்தது: ‘சரி செய்தால் போதும். சீக்கிரம்.’

நோலீனுக்குப் போன உயிர் திரும்பியது. மெர்வ் கருவிப்பெட்டியோடு மலை தாண்டி வாட்டில் கிரீக் போனான். நகர மண்டபத்தின் பின்வாசலில் கஸ் என்கிற ஆள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

“அந்தப் பாழாப்போன நாற்காலியா? உள்ளதான் கிடக்கு. பிராம்வெல் அம்மா அதைப் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கிட்டிருக்காங்க. என்னவாச்சும் பண்ணு மாப்ள” என்று வழிவிட்டார்.

மெர்வ் ஒவ்வொரு காலிலும் நீளமான திருகாணியாக இறக்கினான். வீட்டுக்கு வந்து மார்தட்டினான். “இனிமே காளைமாடு ஏறி நிக்கலாம்!”

மறுநாள் செய்தி வந்தது: ‘என்ன செய்துவிட்டுப் போனார் உங்கள் கணவர்? முன்னைவிட மோசம்! பணம்!’

“திருகாணி மரத்தைப் பிளந்துடுச்சு” என்று நோலீன் தலையில் கை வைத்தாள். “இன்னொருத்தர் விழுந்திருக்காரு!”

அந்த நேரம் பார்த்து தெல்மா அளவு டேப்போடு வந்து நின்றாள்.

“அண்ணி, சும்மாதான் வந்தேன். காரேஜ் கதவு உயரம் எவ்வளவுன்னு பார்த்துக்கட்டுமா?”

“பாரு, நல்லாப் பாரு. பார்க்கத்தான் முடியும்!” என்று நோலீன் கத்திவிட்டு, கணவன் பக்கம் திரும்பினாள். “மெர்வ், இரும்பு! இரும்பைப் போடு!”

மெர்வ் மறுபடி மலை ஏறினான். கஸ் தேநீர் குடிக்கப் போயிருந்தார். கேட்பாரில்லை. நாலு காலுக்கும் இரும்புப் பட்டை, அடியில் இரும்புத் தகடு, குறுக்கே ஒரு கம்பி. வேலை முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தான். தூக்க முடியவில்லை. ஆனந்தமாகத் திரும்பினான்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிச் செய்தி வந்தது. இந்த முறை நோலீன் படிக்கவில்லை, தெல்மா பிடுங்கி உரக்கப் படித்தாள்:

‘இரும்பா? இரும்பா போட்டிருக்கிறீர்கள்? இன்று ஏழரை மணிக்கு ஊரே பார்க்க மேயர் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும். வேறு நாற்காலிக்கு இனி எங்கே போவேன்? இன்று என் மானம் போகப்போகிறது. இரவுக்குள் பணம் வராவிட்டால் புகார் கொடுத்து உங்கள் கடையையே மூட வைப்பேன்.’

“மேயரா!” என்றாள் நோலீன்.

“மேயர்தான். மேயர் இடுப்பு உடைஞ்சா ரீஃபண்டோட முடியாது அண்ணி. பேப்பர்ல உன் படம் வரும். சிவப்பு வட்டம் போட்டு.”

“மெர்வ்! வண்டியை எடு!”

எடுத்தான். மலைப்பாதையில் வண்டி பறந்தது. குட்டிக் கங்காரு மாதிரி ஒரு வாலபி நடுரோட்டில் நின்று முறைத்தது. மெர்வ் பிரேக் போட்டான். “நகருடா சனியனே, மேயர் உட்காரப் போறார்!” என்று நோலீன் ஜன்னல் வழியாகக் கத்தினாள். அதற்கு என்ன புரிந்ததோ, ஒரே தாவலில் புதருக்குள் போய்விட்டது.

மண்டபத்து வாசலில் கார் நிறுத்த இடமில்லை.

“இவ்வளவு கூட்டமா? வரியை ஏத்திட்டாங்க போலிருக்கு. சண்டை போட வந்திருக்காங்க!” என்றான் மெர்வ்.

“பின்வாசல்! பின்வாசல் வழியா ஓடு!”

முழங்காலை மறந்து நோலீன் ஓடினாள். உள்ளே இருட்டு. கயிறும் ஒயருமாகக் காலை இடறியது. அதைத் தாண்டினால் பளீரென்று வெளிச்சம். வெளிச்சத்துக்கு நடுவே அவளுடைய நாற்காலி. அதன் முன்னால், சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் பெருத்த மீசையுமாக ஒரு மலை போன்ற மனிதர் கர்ஜித்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஊரில் என்னைக் கேட்காமல் ஒரு கோழிகூட முட்டையிட முடியாது!”

‘மேயர்னாலே இப்படித்தான் பேசுவாங்க’ என்று நோலீன் நினைப்பதற்குள், அவர் அங்கியை ஒதுக்கிக்கொண்டு, பின்பக்கத்தை நாற்காலியை நோக்கி இறக்க ஆரம்பித்தார்.

“உட்காராதீங்க!”

நோலீன் பாய்ந்துபோய் அவர் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். அவர் பாதி குனிந்தபடி நின்றுவிட்டார்.

“யாரும்மா நீ? விடும்மா! நான் உட்காரணும்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

“மாட்டேன்! உங்க இடுப்பு முக்கியம் ஐயா! என் கடையும் முக்கியம்!”

“எல்லாரும் பார்க்குறாங்கம்மா!”

“பார்க்கட்டும்! மெர்வ், காலைப் பிடி!”

மெர்வ் குபுக்கென்று விழுந்து மேயரின் காலைப் பிடித்துக்கொண்டான்.

“அவர் காலை இல்லடா, நாற்காலி காலை!”

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு வரிசை சிரித்தது. பிறகு கூரை அதிர்ந்தது. மேயர் இந்தப் பக்கம் இழுக்க, நோலீன் அந்தப் பக்கம் இழுக்க, சங்கிலி அறுந்து உருண்டது. இனி வேறு வழியில்லை என்று நோலீனுக்குப் பட்டது. யாராவது விழத்தான் வேண்டுமென்றால் தானே விழுந்துவிடலாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பட்டாணி ஆலைக் காலத்திலிருந்து சேர்த்து வைத்த மொத்த எடையோடும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஒரு சத்தமில்லை. ஒரு ஆட்டமில்லை. பாறை மாதிரி நின்றது நாற்காலி.

நோலீன் ஒரு கண்ணைத் திறந்தாள். மறு கண்ணையும் திறந்தாள். குதித்துக் குதித்து உட்கார்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி, ஊரே கேட்கக் கூவினாள்:

“பார்த்தீங்களா! இரும்பு! என் மெர்வ் போட்ட இரும்பு! உடையவே உடையாது! ரீஃபண்ட் கிடையாது!”

மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. சிவப்புத் திரை சரசரவென்று இறங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து ஒல்லியான பெண்மணி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“நான்தான் பிராம்வெல். பணம் வேண்டாம்மா. ஒரு பைசா வேண்டாம். அஞ்சு ஸ்டார் போடுறேன். ஆனா நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்து இதே மாதிரி கத்தணும். உன் புருஷனையும் கூட்டிக்கிட்டு வா.”

எதற்கு என்று கேட்க நோலீனுக்கு நேரமில்லை. முதல் வேலையாகத் தெல்மாவுக்கு போன் போட்டாள்.

“தெல்மா! ரீஃபண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல! நாற்காலி அவ்வளவு உறுதின்னு ஊரே எழுந்து கை தட்டுது! உன் கேரவனைத் தள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போ!”

திரைக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த கஸ், தரையில் கிடந்த மேயரின் மீசையைக் குனிந்து எடுத்துத் தட்டினார். பிறகு நோலீனைப் பார்த்துச் சொன்னார்:

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? நாடகத்துல மேயர் உட்கார்ந்ததும் அது பொலபொலன்னு உடைஞ்சு விழணும், அதுக்குத்தானே இந்தம்மா தேடித் தேடி உடைஞ்ச நாற்காலியா வாங்கினாங்க!”

உங்கள் வீட்டு நாற்காலிகளெல்லாம் உறுதியாக நிற்கட்டும், என் கண்ணுகளா. அதில் உட்காருகிறவர்கள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் எது உடைந்தாலும், அந்த இடத்தில் ஒரு நல்ல சிரிப்பு முளைக்கட்டும்.