தேம்ஸ் நதியின் பங்காளி

லண்டனைக் கட்டியவர்கள் ரோமர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். நம்பாதீர்கள். கட்டியவர் லண்டனின் ஓரத்தில், கிங்ஸ்பரியில் இருக்கிறார். பெயர் பாலேந்திரா. ஆணி, பெயின்ட், குழாய்ச் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறார். குடியேறிய தலைநகரத்துக்குத் தங்கள் மனசுக்குள்ளேயே காணி உறுதி எழுதி முடித்து, எல்லைக்கல்லும் நட்டு, வேலியும் அடைத்துவிட்ட இந்த இனத்தவர் உலகமெங்கும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். நகரத்தின் பெயருக்கு முன்னால் "எங்கட" போடாமல் அவர்களுக்கு வாய் திறக்காது.

எங்கட தேம்ஸ். எங்கட பாராளுமன்றம். எங்கட ராசா. சரித்திரம் என்று தொடங்கிவிட்டாலோ, ஐயோ, பாலேந்திரா நேரில் நின்று அனுபவித்ததுபோல இருக்கும். "அறுபத்தாறில எங்களுக்கு நெருப்புப் பிடிச்சது. ஒரு பேக்கரியிலதான் தொடங்கினது. நாலு நாள் எரிஞ்சு ஒண்டும் மிஞ்சேல்லை" என்று ஒருமுறை அவர் பெருமூச்சு விட, சாமத்தியவீட்டுப் பூப்புச் சடங்குக்கு வந்திருந்த ஒரு வயதான அம்மா கண் கலங்கி, "இன்சூரன்ஸ் காசு தந்தவங்களோ தம்பி?" என்று கேட்டார். எரிந்தது ஆயிரத்து அறுநூற்று அறுபத்தாறில் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது? பாலேந்திரா சொல்லவில்லை.

இவ்வளவு உரிமை பேசுகிறவர் தேம்ஸ் பக்கம் அடிக்கடி போகிறவரா என்று கேட்பீர்கள். விருந்தாளி வராத மாதங்களில் அவருக்கும் வெஸ்ட்மினிஸ்டருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. விருந்தாளி வந்தால்தான் கடைக்கு லீவு, கடைச் சாமான் ஏற்றும் வானுக்குக் குளிப்பு, மனைவி ரஜனிக்கு விடியவே எழும்பி ரோல்ஸ் பொரிக்கும் வேலை. லண்டன் பார்ப்பது என்றால் வானுக்குள் இருந்து பார்ப்பது. எங்கே நிறுத்துவது? எங்கும் நிறுத்தத் தடை என்ற மஞ்சள் கோடு. ஆகவே, "வலப்பக்கம் பாருங்கோ, அரண்மனை வருது, வருது... போயிட்டுது" என்ற வேகத்தில் இரண்டாயிரம் வருடச் சரித்திரம் கண்ணாடிக்கு வெளியே ஓடும். பாதிப் பேர் கண்டது முன்னால் போன பஸ்ஸின் முதுகை. எல்லோரும் "நல்ல வடிவு" என்பார்கள். ஒருவேளை ரோல்ஸைச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் இந்தக் கோடையில் வந்த விருந்தாளி லேசுப்பட்டவர் அல்ல. பிரான்ஸின் பரிஸ் நகரத்திலிருந்து அத்தான் கிருஷ்ணராசா. பாலேந்திராவின் அக்கா சிவமலரின் கணவர். ஊரிலிருந்து வந்த பாலேந்திராவைத் தன்னுடைய சின்ன வீட்டில் வைத்துச் சோறு போட்டு, ரெஸ்டோரண்டில் வேலை எடுத்துக் கொடுத்து, விசா அலுவலுக்கெல்லாம் கூட நடந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த கையோடு பாலேந்திரா லண்டனுக்கு வெளிக்கிட்டபோது, ஸ்டேஷனில் வைத்து, "ஒரு வருசத்தில திரும்பி வருவாய்" என்று சொன்னவரும் அவர்தான். அந்த ஒரு வசனத்துக்கு மறுமொழியாகத்தான் பாலேந்திரா இவ்வளவு காலமும் ஒரு முழு நகரத்தையே தூக்கிக்கொண்டு நிற்கிறார். அத்தான் தன் வாயால் "நீ வந்தது சரி" என்று சொல்ல வேண்டும். மற்ற விருந்தாளிகளெல்லாம் ஒத்திகை.

ஒத்திகை பார்த்த ஒன்றும் பலிக்கவில்லை. உலகத்திலேயே முதல் நிலக்கீழ் ரயில் எங்களுடையது என்றார் பாலேந்திரா. "எங்கட மெட்ரோவில ஸ்டேஷன் எல்லாம் கிட்டக் கிட்ட, நடந்தே போகலாம்" என்றார் அத்தான். அவருக்கும் ஒரு "எங்கட" இருந்தது, பார்த்தீர்களா? பிக் பென்னுக்கு, "மணிக்கூடு பெரிசுதான்." அரண்மனைக்கு, "இதுக்குள்ளயோ ராசா இருக்கிறார்?" அது மட்டும்தான்.

கடைசி நம்பிக்கை டவர் பிரிட்ஜ். வான் பாலத்தடிக்குப் போகவும் சிவப்பு விளக்கு எரிந்து, ரோட்டை மறிக்கும் படலை பூட்டி, பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பவும் சரியாக இருந்தது. பாலேந்திராவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆளே ஒரு பிடி உயர்ந்துவிட்டார்.

"கப்பல் வந்தா எழும்பும் அத்தான். எங்கட பாலம்."

"அப்ப கப்பல் வந்தா சனம் காத்துக்கிடக்க வேணும், என்ன? எங்கட பரிசில சனத்தை மறிக்க ஏலாது தம்பி. ராசாவின்ர தலையையே எடுத்தனாங்கள்."

"நாங்கள் உங்களுக்கு நூற்றைம்பது வருசம் முந்தியே எடுத்திட்டம்."

"எடுத்திட்டு, பிறகு அவற்ற மகனைக் கூப்பிட்டு ராசாக் கதிரையில இருத்தினனீங்கள்."

"நீங்கள் செத்த ராசாவின்ர தம்பியைக் கூப்பிட்டு இருத்தேல்லையோ?"

பின் சீட்டிலிருந்து சிவமலர் சொன்னார்: "வீட்டில ஒரு கோழி வெட்டச் சொன்னா ரெண்டு பேரும் ஓடி ஒளிப்பியள். இதுக்குள்ள ராசாவின்ர தலையாம்."

ரஜனி சிரிப்பை அடக்க ரோல்ஸ் பெட்டிக்குள் குனிந்தார். கப்பலோ ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. இறங்கி ஓட இடமில்லை, காட்ட வேறு கட்டடமும் இல்லை. பாலேந்திரா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டே விட்டார்.

"அத்தான், நான் இஞ்ச வந்தது பிழையோ?"

"பிழை எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"ஸ்டேஷன்ல வச்சுச் சொன்னனீங்கள். ஒரு வருசத்தில திரும்பி வருவாய் எண்டு."

கிருஷ்ணராசா பாலேந்திராவின் பக்கம் திரும்பினார். "நீ தோத்துப்போவாய் எண்டு சொல்லேல்லையடா. திரும்பி வா எண்டு சொன்னனான். எனக்கு அப்பிடித்தான் சொல்ல வந்தது."

"ஒரு வருசமா உன்ர கட்டிலை ஆரையும் தொட விடேல்லை இவர்" என்றார் சிவமலர். "அந்த வீட்டில நாங்களே கால் நீட்ட இடமில்லை. அப்பவும் விடேல்லை."

பாலம் இறங்கியது. விளக்கு பச்சையானது. பாலேந்திரா வானை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். கண்ணைத் துடைத்துவிட்டு எடுத்தார். அதன்பிறகு ஒரு கட்டடத்தையும் காட்டவில்லை. பாவம், கடைசியில் அத்தானே மனமிரங்கி, பென்னாம்பெரிய சென்ட் போல்ஸ் தேவாலயத்தைக் காட்டி, "அது என்ன தம்பி?" என்று கேட்டார்.

"ஏதோ கோயில் அத்தான்" என்றார் லண்டனைக் கட்டியவர்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாளே லண்டனின் இன்னொரு மூலையில், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் மச்சானுக்கு போன் எடுத்து, "அத்தான் எங்கட பாலத்தைப் பாத்து வாயடைச்சுப் போனார்" என்றார். யாருடைய வாய் அடைத்தது என்பதைப் பற்றிப் பேச்சில்லை.

நீங்கள் எந்த நகரத்தில் இருந்து வாசிக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் நடுவில் ஓரிடத்தில், "எங்கட ஒஸ்லோவில வந்து பாக்கவேணும்" என்றோ, "எங்க டெல்லியில இல்லாததா?" என்றோ உதடு அசைந்ததே, அதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பரவாயில்லை, பெருமை பேசுங்கள். பேசி முடிந்ததும், அந்த நகரத்தை இத்தனை காலமாக யாருக்குக் காட்டத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று ஒருதரம் யோசித்து, அவருக்கு ஒரு போன் எடுங்கள். எடுத்தவுடன் உங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றி மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.