டிரைவர் தேவசகாயமும் பட்டாளத்துப் பிக்கப்பும்

இந்த வண்டி மட்டும் எந்தக் காலத்திலும் ரோட்டில் ஓடிவிடக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டு, தேவசகாயம் மாதா பீடத்தில் ஒரு மெழுகுத்திரி ஏற்றி வைத்தார். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்திலேயே இன்னும் ரெண்டு திரி எரிகிறது. வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்று அவர் சம்சாரம் இருதயமேரி காலையிலேயே வந்து ஏற்றிவிட்டுப் போனது. ஒன்றுக்கு ரெண்டு! மாதா யார் பக்கம் நிற்பாள்?

சொந்த வண்டி ஓடக் கூடாதென்று வேண்டிக்கொள்கிற மனுஷன் உண்டா என்று கேட்பீர்கள். செஞ்சியில் ஒருத்தர் இருந்தார். காரணமும் ரொம்பச் சின்னதுதான். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன, ஊரில் யாருக்குத்தான் தெரியும் என்று விட்டுவிடலாம். ஆனால் இவருக்குப் பெயரே டிரைவர் தேவசகாயம்! ஜப்பான்காரன் சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து வந்த நாள் முதலாய், பர்மாக் காட்டில் குண்டு மழைக்கு நடுவே லாரி ஓட்டிய கதையைப் பொன்னுசாமியின் டீக்கடையில் சொல்லி வருகிறார். முதல் வருஷம் ஒரு லாரிதான் இருந்தது. அப்புறம் அதன் பின்னால் பத்து லாரி சேர்ந்தது. போன வருஷம் பாலம் உடைந்து, லாரி ஆற்றை ஒரே தாண்டாகத் தாண்டியது. அசல் சங்கதி என்னவென்றால், பட்டாளத்தில் தேவசகாயத்துக்குச் சமையல் கொட்டகையில் வேலை. லாரியில் ஏறியது வாஸ்தவம். பின்னால், அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து போனார்.

இந்த ரகசியம் ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும் என்பது அவர் நினைப்பு. அது மாதா கோயில் சாமியார். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் தேவசகாயம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யைச் சொல்லி அழுவார். சாமியாரும் ஜெபமாலையை உருட்டி ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொல்லு, இனிமேல் இப்படிச் செய்யாதே என்பார். உயிர்த்த ஞாயிறு சாயங்காலம் டீக்கடையில் லாரி மறுபடி ஆற்றைத் தாண்டும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே விடக் கூடாதே, அந்தத் தைரியம் மனுஷனுக்கு.

சீனாக்காரன் சண்டை வந்தபோது ஒரு கண்டம் வந்து போனது. "டிரைவரே, நாடு கூப்பிடுது!" என்று தெருவே மாலையோடு வந்து நின்றது. தேவசகாயத்துக்கு அப்போது பிடித்த முதுகுப் பிடிப்பு, சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்ன பிறகுதான் விட்டது.

வீட்டில் அடுப்புப் பக்கமே அவர் போக மாட்டார். கல்யாணமான புதிதில் இருதயமேரிக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரே ஒரு தடவை ரசம் வைத்துக் கொடுத்ததோடு சரி. கரண்டி பிடிக்கிற கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயம்.

இப்படிப் பதினெட்டு வருஷம் ஓட்டியவர் வீட்டுக்கு வண்டி எப்படி வந்தது? அதுதான் கதை.

இருதயமேரி கொல்லைக்கு அந்தாண்டை இருந்த நிலத்தில் கத்திரி போட்டிருந்தாள். அனந்தபுரத்து வியாபாரி துரைக்கண்ணு வந்து, காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, தான் வைத்ததே விலை என்று அள்ளிக்கொண்டு போவான். ஒருநாள் அவன் தலை மறைந்ததும் அவள் புருஷனிடம் வந்து நின்றாள்.

"இன்னாங்க, அனந்தபுரத்துல ரைஸ் மில்லு பின்னாடி பட்டாளத்துப் பிக்கப்பு ஒண்ணு கெடக்குதாம். கேட்டா குடுத்துடுவாங்களாம்."

"அதுவா? அதுல கோழி அடை காக்குது மேரி. நான் பாத்திருக்கேன்."

"கோழிய எறக்கிட்டாப் போவுது. வூட்டுலயே டிரைவர வச்சிக்கினு நான் எதுக்கு அந்த துரைக்கண்ணு மூஞ்சில முழிக்கணும்? நீங்க ஓட்டுங்க. திண்டிவனம் சந்தைக்கு நாமளே கொண்டு போவலாம்."

"பட்டாளத்து வண்டி... அதுக்குல்லாம் பெரிய படிப்பு..."

"அதான் நீங்க படிச்சிட்டு வந்திருக்கீங்களே!"

இருதயமேரி அதோடு நிற்கவில்லை. ஆடு ரெண்டை விற்று, ரெண்டு ஜோடி மாடு கட்டி, அந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்து கொல்லையில் நிறுத்திவிட்டாள். தேவசகாயம் சுற்றிவந்து பார்த்தார். மேலே கோட்டையில் கிடக்கிற பீரங்கிக்குக்கூட இதைவிட உயிர் இருக்கும். அப்பாடா என்று மூச்சு வந்தது. இது ஓடினால் ராஜகிரி மலையே ஓடும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பைக் கெடுக்க வந்தான் மெக்கானிக்கு பாண்டுரங்கன். நல்ல பையன், கெட்ட கைராசி. தொட்டதெல்லாம் ஓடும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சின் நல்லா இருக்குது அண்ணே, சீக்கிரம் ஓட வச்சிர்லாம். கொஞ்சம் ஏறி உக்காந்து கிளச்ச அமுக்குங்க, பாப்போம்" என்றான்.

கிளச்சு எது? கீழே மூன்று கிடக்கிறது. தப்பானதை அமுக்கினால் பதினெட்டு வருஷத்து மானம் அங்கேயே கப்பல் ஏறிவிடும். சேசு மரி சூசையே! தேவசகாயம் பளிச்சென்று மேல்துண்டைத் தரையில் விரித்தார்.

"அனுபவப்பட்டவன் கீழ இருந்து பாக்கணும்டா பாண்டுரங்கா. மேல ஒக்கார்றது யாரு வேணாலும் ஒக்காரலாம். ஏ மேரி! கைய தொடச்சிக்கினு வா. ஏறி ஒக்காரு."

"நானா?"

"நீதான். அவன் சொல்றத அமுக்கு. பயப்படாத, நான் கீழதான இருக்கறேன்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தேவசகாயம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, "உம்... உம்... ஆவட்டும்" என்று முனகுவார். பாண்டுரங்கன், "அக்கா, கிளச்ச அமுக்கு. கியர முன்னால தள்ளு. இப்ப மெதுவா வுடு" என்பான். இருதயமேரி அமுக்குவாள், தள்ளுவாள், விடுவாள். எண்ணெய் சொட்டுச் சொட்டாய்த் தன் நெற்றியில் விழுந்தாலும், தன் சாமர்த்தியத்தை நினைத்து தேவசகாயத்துக்குப் புல்லரிக்கும்.

ஒருநாள் இஞ்சின் இருமிற்று, தும்மிற்று, கொல்லை நிறையப் புகை விட்டு ஓடியே விட்டது. தெரு கைதட்டியது. அடியிலிருந்து வெளியே வந்த தேவசகாயத்தின் முகம் செத்திருந்தது. உடனே அடுத்த திட்டத்தை எடுத்தார்.

"இஞ்சின் ஓடினாப் போதுமா? பாடி முடியாம வண்டி வெளிய போவக் கூடாது. பட்டாளத்துச் சட்டம்!"

அப்புறம் பாருங்கள். பக்கப் பலகை என்றார். உட்கார பெஞ்சு என்றார். மேலே தார்ப்பாய், ஓரத்தில் திரைச்சீலை, உள்ளே தகரம் அடித்த அலமாரி என்றார். ஒவ்வொன்றுக்கும் திண்டிவனம், விழுப்புரம் என்று பஸ் ஏறிப் போய், ஒரு ஆணி வாங்கவும் பொழுது சாய்கிற வரை அலைந்துவிட்டு வருவார். இருதயமேரி சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், அவள் கூடக் கூட யோசனை சொன்னாள்.

"பெஞ்சு வக்கிறதுதான் வக்கிறீங்க, எறக்கிக் கீழ போடற மாதிரி வச்சிடுங்க."

"கத்திரிக்காய்க்குப் பெஞ்சு எதுக்கு மேரி?"

"இருக்கட்டுங்க. தார்ப்பாயக் கழி குடுத்து வெளிய நீட்டற மாதிரி பண்ணுங்க, நெழலுக்கு ஆவும்."

அடடா, சொன்னதையெல்லாம் நம்புகிறாளே என்று அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஒருதடவை விழுப்புரத்திலிருந்து திரும்பியபோது டயரில் செம்மண் ஒட்டியிருந்தது.

"இது எப்பிடி வந்துச்சி?"

"மழ பேஞ்சுதுங்க."

"பெட்ரோலு கொறஞ்சிருக்குது?"

"வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும்."

மழையும் வெயிலும் ஒரே நாளில் அடித்திருக்கிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். நடுவில் அவள் கடலூரில் இருக்கிற தன் அக்கா லூர்துமேரி வீட்டுக்குப் போய்வந்தாள். வண்டியை மறந்துவிட்டாள் என்று தேவசகாயம் அந்த நாலு நாளும் நிம்மதியாகத் தூங்கினார்.

வந்த உடனே குண்டைப் போட்டாள். "சாமியார்கிட்ட சொல்லிட்டேங்க. நாளான்னைக்கி சந்தை நாளு. காலம்பற பூச முடிஞ்சதும் வண்டிய மந்திரிக்கிறாரு. அங்கேர்ந்து நேரா திண்டிவனம். நீங்க ஓட்டறத பாக்கணும்னு ஊரே துடிக்கிது."

அந்தச் செய்தி கேட்டுத்தான் தேவசகாயம் மெழுகுத்திரி ஏற்ற ஓடினார். அங்கே ஒன்றுக்கு ரெண்டு என்று ஆகிப்போன கதையை முன்னமே சொல்லிவிட்டேன்.

சந்தை நாள் விடிந்தது. மாதா கோயில் வாசலில் வண்டி பச்சைப் பெயிண்டும் சாமந்தி மாலையுமாய் நின்றது. "சந்துல கண்ணாடி ஓரம் ஒரசிடப் போவுது" என்று சொல்லி தேவசகாயம் அதைப் பத்துப் பேர் தள்ளத்தான் கொண்டுவந்திருந்தார். பின்னால் கத்திரிக்காய்க் கூடை, என்னவோ சாக்குப் போட்டு மூடிய சாமான், டீக்கடை பொன்னுசாமி உள்பட சந்தைக்குப் போகிற ஏழெட்டுப் பேர். சாமியார் தீர்த்தம் தெளித்தார். தெளித்துக்கொண்டே தேவசகாயத்தைப் பார்த்த பார்வையில், இன்றைக்கு உன்னைச் சர்வேசுரன்தான் காப்பாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது.

பாண்டுரங்கன் சாவியை நீட்டினான். "ஏறுங்க டிரைவரே!" என்று கூட்டம் கத்தியது.

தேவசகாயம் ஒரு அடி எடுத்து வைத்தார். "அம்மாடி!" என்று உட்கார்ந்துவிட்டார். காலில் மஞ்சள் பற்றுப் போட்டு, பெரிய துணிக்கட்டு.

"சுளுக்கு மேரி. கிளச்ச அமுக்க முடியாது. எனக்கு இன்னைக்கி குடுத்து வைக்கல."

"அய்யய்யோ! நேத்து வலது கால்ல கட்டியிருந்தீங்களே?"

"வலி... எடம் மாறுது."

"சரி வுடுங்க. ஒங்க சுளுக்கு போற வரைக்கும் கத்திரிக்கா காத்திருக்குமா?"

சொன்னவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஏறினாள். உட்கார்ந்தாள். சாவியைத் திருகி, அமுக்கி, தள்ளி, விட்டாள். வண்டி கன்றுக்குட்டி மாதிரி சாதுவாக நகர்ந்து, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, தேவசகாயத்தின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

ஊரே வாயைப் பிளக்கும் என்று அவர் பார்த்தார். பிளந்த வாய் அவருடையது ஒன்றுதான். பின்னாலிருந்து பொன்னுசாமி, "அக்கா, சிங்கவரம் ரோட்டுல வுட்ட மாதிரி வேகமா வுடாத! திண்டிவனம் ரோட்டுல லாரி வரும்" என்றார்.

"லைசென்ஸ் இல்லாம..." என்று தேவசகாயம் இழுத்தார்.

"அக்கா வூட்டுக்கு சும்மாவா போனேன்? கடலூர்ல ஓட்டிக் காட்டி வாங்கியாந்துட்டேன்." அப்புறம் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "எல்லாம் இவரு கத்துக் குடுத்ததுதான்! தெனம் ஏத்தி ஒக்கார வச்சி, தான் கீழ படுத்துக்கினு கத்துக் குடுத்தாரு!"

கூட்டம் கைதட்டியது. தேவசகாயத்துக்கு உயிர் திரும்பியது. அட, உண்மைதானே! நெஞ்சை நிமிர்த்தி, சுளுக்கை மறந்து, ஒரே தாவாகத் தாவிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். சாமியார் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் இருதயமேரி ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"சாமியார் சொல்லிட்டாரா?"

"அவரு ஏன் சொல்றாரு? ரசம் சொல்லிச்சி. கல்யாணமான புதுசுல எனக்குக் காய்ச்சல்னு ரசம் வச்சீங்களே, ஞாபகம் இருக்குதா? ரெண்டு பேருக்கு வைங்கன்னா, குடம், தவல, அண்டா எல்லாம் ரொப்பி வச்சிருந்தீங்க. நூறு பேருக்கு வச்சிப் பழகின கைய்யி, வேற எப்பிடி வரும்?"

தேவசகாயம் வெளியே பார்த்தார். காதெல்லாம் சுட்டது. "மிச்சத்த மாட்டுக்குக் கழனித்தண்ணியில ஊத்திட்டேன்னு சொன்னியே."

"அந்த ருசிய மாட்டுக்கு ஊத்துவேனா? தெருவுக்குக் குடுத்தேன்."

"தெருவுக்கா! அப்ப எல்லாருக்கும்..."

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க, கவலப்படாதீங்க. எனக்குப் பொய்க்குக் கோவம் இல்ல. இம்மாம் ருசியா சமைக்கிற மனுசன் பதினெட்டு வருசமா அடுப்பாண்ட வராம ஒளிஞ்சிக்கினு, நான் வச்ச கொழம்பையே திங்க வச்சீங்களே, அதுக்குத்தான் கோவம்."

தேவசகாயத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி லேசாகவும் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை நன்றாகப் பார்த்தார். என்ன அழகாக ஓட்டுகிறாள்!

சந்தை வந்தது. கத்திரிக்காயை இறக்கப் போனவர் சாக்கை இழுத்தார். உள்ளே ரெண்டு மூன்று பெரிய அண்டா, அடுப்பு, விறகு, ஒரு ஆள் உயரக் கரண்டி. அவர் செய்த பெஞ்சைக் கூடவே வந்த பாண்டுரங்கன் இறக்கிக் கீழே போட்டான். அவர் வாங்கின தார்ப்பாய் கழியோடு வெளியே நீண்டு நிழல் தந்தது. தகர அலமாரியில் அரிசியும் உப்பும் புளியும் மிளகும் அவருக்காகவே காத்திருந்தன.

"துரைக்கண்ணுதான் வெல குடுக்கல. கொழம்பா வித்துட்டுப் போறோம்" என்றாள் இருதயமேரி. "நூறு பேருக்கு வைங்க. கம்மியா வச்சிடாதீங்க."

டிரைவர் தேவசகாயம் காலில் இருந்த கட்டை அவிழ்த்துத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு கரண்டியை எடுத்தார். குழம்பும் ரசமும் கொதிக்கிற வாசனை சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது. பெஞ்சு நிறைந்தது. பெஞ்சு போதாமல் ஜனங்கள் நின்றார்கள். தேவசகாயத்துக்கு முகம் பூத்துப் போனது. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பர்மாவுல ஒருக்கா, பாலம் ஒடஞ்சி, நம்ம லாரி..." என்று ஆரம்பித்தார்.

முதல் இலையில் உட்கார்ந்திருந்த பொன்னுசாமி ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார்.

"நீங்க கல்யாணமான புதுசுல அண்டா அண்டாவா வச்ச அதே ரசம்! அந்தக் கத கெடக்கட்டும் டிரைவரே, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."