ஓசை கெடுப்பானுக்கு ஒப்புதல்

கலைக்காக மனிதன் தியாகம் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. இதுவரை தியாகம் செய்தது என் குடும்பம்தான்.

கிடார் ஓசையை மாற்ற, காலால் மிதிக்கும் பெடலைக் கடையில் முழுசாக வாங்குவது கேவலம், உதிரி உதிரியாக வாங்கி நாமே பற்றவைப்பதுதான் இப்போதைய நாகரிகம். எனவே எங்கள் அலமாரியில் எதிரொலிக்கான உதிரிப் பெட்டி, அதாவது கிட் ஒன்று, அலையோசை கிட் ஒன்று, என்னவென்றே மறந்துபோனது ஒன்று, எல்லாம் பாதியில் கிடக்கின்றன. கடைசியாக டிஸ்டார்ஷன் கிட்டுக்கு ஆர்டர் போட்டபோது மனைவி தீர்ப்பு சொன்னாள்.

"இதையாவது முடிக்கலைன்னா கிடாரைத் தூக்கி யாருக்காவது குடுத்துடுவேன்."

அந்த நேரம் பார்த்து பார்சல் அலுவலகம் 'இது என்ன பொருள் என்று நேரில் வந்து விளக்கவும்' என்று கிட்டை நிறுத்திவைத்தது. சாட்சிக்குக் கிடாரையும் எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் போனோம்.

"என்ன சார் இது?" என்றார் அதிகாரி.

"கிடார் சத்தத்தைக் கரகரன்னு கெடுக்கிற கருவி சார்."

"நல்லா இருக்கிற சத்தத்தையா?"

"இல்லைங்க, இவர் வாசிக்கிற சத்தத்தை" என்றாள் மனைவி.

அதிகாரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இது வெறும் உதிரி. எந்தப் பொருளோட உதிரின்னு பொருளைக் காட்டுங்க, விடுவிக்கிறேன்."

"உதிரியைக் குடுத்தாத்தானே சார் பொருளைச் செய்ய முடியும்?"

"பொருளைக் காட்டினாத்தானே சார் உதிரியைக் குடுக்க முடியும்?"

நியாயம்தான். கிட் வராவிட்டால் முடிக்கவும் வேண்டாமே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதிகாரிக்குத் திடீரென்று கருணை பிறந்துவிட்டது. "சரி, இங்கேயே செஞ்சு காட்டுங்க" என்று தன் மேசையையே ஒழித்துக் கொடுத்தார். பாவி மனுஷன்!

கிட்டோடு வந்த சூட்டுக்கோலால் பற்றவைத்தேன். புகை கிளம்பியது. அலுவலகமே இருமிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. ஓர் இடத்தில் கை நின்றது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு என்கிற பொடிச் சாமானில் ஒரு கோடு இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

"இதுல என்ன சந்தேகம்?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி. "கோடு போட்ட பக்கம் அதிகாரியைப் பார்த்துத்தான் இருக்கணும். அதுதானே மரியாதை?"

மரியாதையாகவே வைத்தேன். கிடாரை அலுவலக ஒலிபெருக்கியில் மாட்டி, பெடலை மிதித்து, முழு மூச்சாக வாசித்தேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"கெடுத்துடுச்சா?"

"அடியோட கெடுத்துடுச்சு சார்."

'மேற்படி கருவி ஓசையை முழுமையாகக் கெடுக்கும் திறனுடையது' என்று முத்திரை குத்திவிட்டு, அதிகாரி என் காதோரம் குனிந்தார். "எங்க மேலதிகாரி வாராவாரம் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சா விடமாட்டேங்கிறார். அந்த மைக்குக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

இப்போது கிடார் வீட்டில்தான் இருக்கிறது, பெடலோடு சேர்த்து. மனைவியே "கொஞ்ச நேரம் வாசிங்களேன்" என்கிறாள். "இப்பத்தான் சார் உங்களுக்குக் கை பழகியிருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரர் கையைக் குலுக்கினார்.

அந்த டயோடைத் திருப்பி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும். எனக்கும் தெரியும். ஆனால் என் வாசிப்பை ஊர் இப்போதுதான் முதன்முதலாகப் பாராட்டுகிறது. நானாவது, திருப்பி வைப்பதாவது!