மாப்பிள்ளை வீட்டுக் கூரையைத் தட்டிப் பார்த்தேன்

அடுத்தவர் குறையைக் கண்டுபிடிப்பது எல்லாரும் செய்கிற வேலைதான். மற்றவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள், நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிவில் டிப்ளமா முடித்த கையோடு, வீடு வாங்குகிறவர்களுக்காக அந்த வீட்டைச் சோதித்துச் சொல்லும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கட்டியவர் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பூச்சாடி வைத்து மறைத்ததையெல்லாம் நான் போய்த் தட்டி, தடவி, முகர்ந்து வெளியே கொண்டுவர வேண்டும். டைல்ஸைத் தட்டினால் அடியில் சிமெண்டு இருக்கிறதா காற்று இருக்கிறதா என்று சத்தமே சொல்லிவிடும். பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தரையின் வாட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஆபீசில் இதற்கெல்லாம் எனக்கு நல்ல பெயர். ஆனால் பழகிய கைக்கு ஆபீஸ் எது, வெளியிடம் எது என்று தெரியாது. அண்ணி பிரசவித்திருந்த ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைப் பார்க்கப் போனவள், முதலில் தொட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைத்தான் தட்டினேன். (சுவர் பரவாயில்லை. குழந்தையும் நன்றாகவே இருந்தது.)

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து சரவணன் வீட்டார் எம்.கே.பி. நகரில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். சரவணனுக்கு ஹார்பரில், கன்டெய்னர்கள் அடுக்கி வைக்கிற யார்டில் வேலை. தனியாகப் பேசிக்கொள்ளுங்கள் என்று எங்கள் இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் அங்கே நின்று என்னிடம், சமைக்கத் தெரியுமா, வேலையை விடுவீர்களா என்று கேட்டவர்கள். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஏங்க, எங்க வூட்ல பாத்ரூம்ல ஊத்தற தண்ணி ஹாலுக்கு வந்துகினே கீது. அது இன்னாத்துக்குங்க?" என்று கேட்டார்.

அங்கேயே நான் விழுந்துவிட்டேன். வாட்டம் என்றால் என்ன, தரை போடும்போதே அதை எப்படிக் கொடுக்க வேண்டும், கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மனிதர் கொட்டாவி விடவில்லை. குறுக்கே குறுக்கே சந்தேகம் வேறு கேட்டார். நாங்கள் இறங்கி வருவதற்குள் கீழே எல்லாரும் டீ குடித்து முடித்திருந்தார்கள். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பெண் பிடித்துவிட்டால் அடுத்தபடியாகப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். வீடு பார்ப்பது என்று பெயரே தவிர, வீட்டை யாரும் பார்ப்பதில்லை. மனிதர்களைப் பார்த்து, கேசரி தின்று, நிச்சயத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வருவார்கள். பெண்ணைக் கூட்டிப் போகிற வழக்கமும் கிடையாது. ஆனால் அம்மாவின் தம்பி, எங்கள் கஜா மாமா, ஒற்றைக் காலில் நின்றார்.

"வூடு பாக்கறதே அதோட தொயிலு. அத வுட்டுட்டு நாம போயி இன்னாத்த பாக்கறது?"

கிளம்புவதற்கு முன் அம்மா என் வேலைப் பையைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஈரம் பார்க்கும் கருவி, மட்டம் பார்க்கும் ரசமட்டம், தட்டுகிற கம்பி எல்லாம் சிறைக்குப் போயின. "தோ பாரு, அங்க நீ பொண்ணு. இஞ்சினியரு இல்ல. சிரிக்கறதுக்கு மட்டுந்தான் வாயத் தொறக்கணும்" என்றாள். நானும் தலையாட்டினேன். மனப்பூர்வமாகத்தான் ஆட்டினேன்.

சரவணனின் அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி, ஓவர்டைமும் போனஸும் வரவர, தானே மேஸ்திரியாக நின்று அறை அறையாக எழுப்பிய மாடி வீடு. வாசலிலேயே நின்று, "வாங்க, வாங்க. நம்ம கையால கட்டன வூடு" என்று நெஞ்சை நிமிர்த்தி வரவேற்றார். மாடிக்கு ஏறும்போது கஜா மாமா இரண்டு இடத்தில் தடுக்கினார். படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஹாலில் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. எங்களுக்காகவே அடித்திருக்கிறார்கள். ஒரு சுவரில் மட்டும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பெரிய காலண்டர் தொங்கியது. தவழுகிற குழந்தை இல்லாத வீட்டில் அவ்வளவு தாழ்வாக யார் தேதி பார்ப்பார்கள்? அதற்குப் பின்னால் பாத்ரூம் ஈரம் ஊறி, ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை அரித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். "இன்னா அடக்கம் பாரு பொண்ணுக்கு!" என்று சரவணனின் பெரியம்மா மெச்சினார். அம்மாவின் முகத்தில் அன்று நான் கண்ட கடைசி நிம்மதி அது.

பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது. நடுவில் டீப்பாய் மேல் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்த தாம்பூலத் தட்டு. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது சரவணனின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாமா, வூடு எப்டி கீது?"

"நல்லா இருக்கு மாமா."

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். கஜா மாமா விடவில்லை. "அட, அது சும்மா சொல்லுது. ஒரு பார்வ பாத்தா போதும், வூட்டு ஜாதகத்தையே சொல்லிடும் எங்க பொண்ணு."

"அப்டியா? அப்ப சொல்லு பாப்போம்" என்று அவரும் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலை நான் 'பேசு' என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன் என்று பிற்பாடு சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாமா" என்று ஆரம்பித்தேன். (உலகத்தில் இப்படி ஆரம்பித்து நல்லபடியாக முடிந்த பேச்சே கிடையாது.) படி, காலண்டர், பாத்ரூம் வாட்டம், ஜன்னலுக்கு மேல் மழைத்தண்ணீரை வெளியே தள்ளாமல் சுவருக்கே திருப்பி அனுப்புகிற சன்ஷேடு என்று மடை திறந்தாற்போல் கொட்டினேன். யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை. நான் சொல்வதை அவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக ஃபேனுக்குப் பக்கத்தில், கூரையில், புதுப் பெயிண்டையும் மீறி நீளமாக ஓடிய விரிசலையும் அதன் ஓரத்தில் இருந்த பழுப்புக் கறையையும் காட்டினேன்.

"கடல் காத்துல உள்ள இருக்கற கம்பி துருப்பிடிச்சு உப்பியிருக்கு மாமா. உப்புன கம்பி கீழ இருக்கறத தள்ளிவிடும். தட்டினா சத்தத்துலயே தெரிஞ்சிடும்."

மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்ட மனிதருக்கு இது பொறுக்கவில்லை. "இன்னாமா நீ? கூரையா? யானைய மேல ஏத்தி நிக்க வெச்சாலும் தாங்கும்மா அது!" என்று எழுந்துபோய், கொடியில் துணி மாட்டுகிற மூங்கில் கம்பைக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். "தட்டு. நல்லா தட்டிப் பாரு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் எழுந்தேன். ஆபீஸ் பழக்கத்தில், "எல்லாரும் கொஞ்சம் சுவரோரமா தள்ளி உக்காருங்க" என்று சொன்னேன். நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். ஓரத்தில் தட்டினேன், டக் டக் என்றது. விரிசல் பக்கம் தட்டினேன், டொப் டொப் என்றது.

"கேட்டீங்களா மாமா, வித்தியாசத்த?"

"எனுக்கு ஒண்ணும் கேக்கல. பலமா தட்டு."

பலமாகத் தட்டினேன்.

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு காங்கிரீட் வில்லை, கூடவே ஒரு கூடை மணலோடு, நேராகத் தாம்பூலத் தட்டின் மேல் இறங்கியது. பழம் கூழானது. கேசரி இருந்த இடமே தெரியவில்லை. புழுதி அடங்கியபோது கூரையிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி எட்டிப் பார்த்தன. கஜா மாமா சுவரோரத்தில் கையில் பஜ்ஜியோடு சிலையாக இருந்தார். பஜ்ஜியின் மேல் சிமெண்டுத் தூள். மரியாதைக்கு அதையும் ஒரு கடி கடித்தார்.

இதுகூடப் பரவாயில்லை. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த நிசப்தத்தில், அத்தனை பேர் முன்னால், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி முகமெல்லாம் பல்லாக நான் சொன்னேன்:

"பாத்தீங்களா மாமா! நான் சொன்னேன்ல?"

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அய்ய, பொண்ணு காலு வெச்ச அன்னிக்கே கூரையே வுந்துச்சே! தாம்பூலத் தட்டு மேலயே வுந்துச்சே!" சரவணனின் அப்பா என் கையிலிருந்து கம்பை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், "கெளம்புங்க" என்றார். சரவணன் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை.

ஆட்டோவில் அம்மா எம்.கே.பி. நகர் வரை அழுதாள். "சத்தத்த வெச்சே சொல்லுச்சு பாரு, அது தெறம" என்று முணுமுணுத்த கஜா மாமாவை, "நீ இன்னொரு வார்த்த பேசுனே, எறக்கி வுட்ருவேன்" என்று அடக்கினாள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, முகம் கழுவிக்கொள்ளப் போன இடத்தில்தான் அழுகை பிய்த்துக்கொண்டு வந்தது. எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. வாட்டம் பற்றிச் சந்தேகம் கேட்கிற இன்னொரு மாப்பிள்ளைக்கு நான் எங்கே போவேன்?

மன்னிப்புக் கேட்டு சரவணனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். 'மன்னிச்சிடுங்க' என்று அழகாகத்தான் தொடங்கியது. ஆனால் அதற்குக் கீழே, கம்பியின் துருவை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும், துரு தடுக்கும் பூச்சு கொடுக்காமல் சிமெண்டு வைத்துவிடாதீர்கள் என்று பக்கம் பக்கமாக நீண்டுவிட்டது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அது மன்னிப்புக்கா பிரஷ்ஷுக்கா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பிறகு பேச்சு மூச்சில்லை. சம்பந்தம் முறிந்துவிட்டது என்று அம்மா வேறு ஜாதகங்களை எடுக்க ஆரம்பித்த நேரத்தில், சரவணனின் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"எம்மா, உங்க மாமா பேஜாரு தாங்கலம்மா. அன்னியிலேர்ந்து ஹார்பர்ல போட்டாரே மஞ்ச ஹெல்மெட்டு, அத மாட்டிகினுதான் தூங்கறாரு. சோறு துன்னும்போதும் கய்ட்ட மாட்டேங்கறாரு. கிரேன்ல தொங்கறதுக்குக் கீய நிக்காதன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன்மா. இப்ப எந்த ரூமுக்குப் போனாலும் மேலயே பாத்துகினு கீறாரு. கேட்டா, சம்பந்தம்லாம் வாணாம், ஆனா அந்தப் பொண்ணு வந்து மீதியயும் தட்டிட்டுப் போவட்டும்னு சொல்றாரு."

இந்தத் தடவை அம்மாவே பீரோவைத் திறந்து பையை எடுத்துக் கொடுத்தாள்.

மஞ்சள் ஹெல்மெட்டோடு அவர் வாசலில் நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. நான் அறை அறையாகத் தட்ட, சரவணன் ஏணியைப் பிடிக்க, அவர் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டினார்.

"படி ஒண்ணொண்ணும் ஒரு ஒசரம் மாமா."

"ஒவ்வொரு போனஸுக்கும் ரெண்டு படி கட்டுனது. போனஸு மட்டும் ஒரே ஒசரமாவா வந்துச்சு?"

"சுவத்துல ஓதம் ஏறியிருக்கு."

"கடலு பக்கத்துல கீது. பின்ன?"

ஹாலைத் தவிர இன்னும் ஓர் அறையில் கூரை டொப் டொப் என்று பொள்ளலாக இருந்தது. மற்றதெல்லாம் கெட்டி. கீழே இறங்கி, அஸ்திவாரம் எப்படி என்று தூண்களையும் வெளிச்சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. "மாமா, எங்கயுமே அடியிலேர்ந்து விரிசல் இல்ல. கடைக்கால் ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க" என்றேன். நைச்சியத்துக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கடைசிப் படியில் உட்கார்ந்தார். "அது நானும் உங்க அத்தையும் மண்ணு சொமந்து போட்டது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இத்தினி கொற சொல்றியே, இந்த வூட்டுக்கு வாய வருவியா?" என்று கேட்டார்.

எவ்வளவோ அழகான பதில்கள் சொல்லியிருக்கலாம். "கூரை வேலைய முடிச்சிட்டு வரேன் மாமா" என்றுதான் என் வாயில் வந்தது.

ஏணிக்குப் பக்கத்திலிருந்து சரவணன் வெடித்துச் சிரித்தார். அவருக்கும் முன்பே, வாசலில் நின்றிருந்த அவர் அம்மா சிரித்துவிட்டார்.

சொன்னபடியே கூரை வேலை முடிந்து, திருவொற்றியூரிலேயே ஒரு மண்டபத்தில் கல்யாணம். கெட்டி மேளம் முழங்குகிறது. சரவணன் தாலியை எடுத்து என் கழுத்தருகே கொண்டுவருகிறார். அந்த நேரம் பார்த்து, பின்னால் நின்றிருந்த மாமனார் குனிந்து என் காதருகே கவலையோடு கேட்டார்:

"ஏம்மா, இந்த மண்டபத்து ரூஃபு கெட்டியா கீதா?"

அந்த நிமிடம் எடுத்த போட்டோ இப்போது எங்கள் ஹாலில், பூசிய இடத்துக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறது. அதில் சரவணன் தாலி கட்டுகிறார், அம்மா கண்ணைத் துடைக்கிறாள், பெரியம்மா அட்சதை போடுகிறார். நானும் மாமனாரும் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்க்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள், தாலி ஏறும்போது மேலே என்ன பார்வை என்று கேட்காமல் இருப்பதில்லை. உடனே அத்தை பஜ்ஜியிலிருந்து கதையை ஆரம்பித்துவிடுவார். கேட்டுவிட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.