விண்வெளித் துப்பாக்கிக்குப் பதினோரு நாள் பாலிஷ்

டொலிடோ, ஒஹாயோ
மே 20

என் அன்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக என் பயத்துக்கும் உரிய அக்கா லொரெய்னுக்கு, தம்பி டுவைட் எழுதுவது.

நீ சௌக்கியமா என்று நான் விசாரிக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நாற்பது நிமிடம் என்னைத் திட்டினாய், ஒருமுறைகூட உனக்கு மூச்சு வாங்கவில்லை. எழுபத்தொரு வயதில் அப்படி ஒரு நுரையீரல் வாய்த்ததற்கு ஆண்டவனுக்கு நன்றி. எனக்கு இருப்பது முப்பத்தோரு வருஷம் கார் பெயிண்டைக் குடித்த நுரையீரல், இரண்டு படி ஏறினால் விசில் அடிக்கிறது, ஆகவே நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதை முழுதாகப் படித்து, நியாயம் யார் பக்கம் என்று பார்த்து, என் மகள் மார்னிக்கு நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை. ஞாயிறுதோறும் அத்தை வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறவள், அப்பன் வீட்டுக்கு நன்றித் திருநாளன்று மட்டும் வந்து, போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். இனி அந்த ஒரு மணி நேரமும் இல்லையென்று ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். மற்றபடி என் மேல் தப்பு ஒன்றும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் மாதம் அவளே போன் செய்தாள். “அப்பா, ஒரு சாமான் பார்சல்ல அனுப்புறேன், மேல கோட்டிங் மட்டும் அடிச்சுக் குடுக்க முடியுமா? நான் டப்பா ஸ்பிரேல அடிச்சா ஈரக் காத்துக்கு வெள்ளையாப் பூத்துடுது. உங்கிட்டதான் கம்ப்ரஸர் இருக்கு” என்றாள். பதினைந்து வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. அடித்துத் தருகிறேன் என்றேன். “மிச்ச விவரமெல்லாம் சீட்டுல எழுதி உள்ள வைக்கிறேன்” என்றாள். அந்தச் சீட்டைத்தான் அக்கா நான் பார்க்கவே இல்லை. பெட்டிக்குள் திணித்திருந்த கசங்கல் காகிதத்தோடு அதுவும் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்வேன், புத்தகம் மாடியில் இருப்பதால் எழுந்து போகவில்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு விண்வெளித் துப்பாக்கி. குழந்தைகள் ஸ்பாஞ்சுக் குண்டு சுடுகிற பிளாஸ்டிக் பொம்மைதான், ஆனால் அது இருந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஓரமெல்லாம் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. திருகுகளைச் சுற்றித் துரு வழிந்திருக்கிறது. இடுக்கெல்லாம் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும். கைப்பிடியில் ஒரு விரிசல் வேறு. பிளாஸ்டிக்கில் எப்படி இரும்பு தெரியும், எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்பாய். அந்த அழுக்கு அத்தனையும் அவள் ஆறு வாரம் உட்கார்ந்து தூரிகையால் ஒவ்வொன்றாகத் தீட்டியது என்று எனக்கு யார் சொன்னார்கள்? என்னிடம் ஜனங்கள் கீறலோடு வருவார்கள், கீறல் இல்லாமல் போவார்கள். கீறல் வாங்கிக்கொண்டு போக ஒருத்தன்கூட வந்ததில்லை. பாவம் பெண், தன் வேலையைப் பார்த்துத் தனக்கே வெட்கமாகி அப்பனிடம் அனுப்பிவிட்டாள் என்று நினைத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே, பொன்னாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பதினோரு நாள், அக்கா. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, விரிசலுக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செர்ரிச் சிவப்பில் ஐந்து கோட் அடித்தேன். முனையை மட்டும் ஆரஞ்சு நிறத்திலேயே விட்டிருந்தாள், மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அதற்கும் சிவப்பு. கடைசி மூன்று நாள் பாலிஷ் மட்டும். என்னோடு ஷாப்பில் வேலை பார்த்த கிளீட்டஸ் வந்து பார்த்துவிட்டு, “இதுல மொகம் பாத்து சவரம் பண்ணலாம்பா” என்றான். அவன் தன் கல்யாணத்தன்று மணப்பெண்ணைக்கூட நன்றாக இருக்கிறாள் என்று சொல்லாதவன். மார்னி வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாக இருந்தது. நானே கொண்டுவருகிறேன், நீ அலைய வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். நல்லது செய்யப் போகிறவனுக்குத்தான் அப்படிப் புத்தி போகும்.

சனிக்கிழமை இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு கொலம்பஸில் மாறுவேடப் போட்டி நடந்த அந்தப் பெரிய மண்டபத்துக்குப் போனேன். வாசலில் ஆயிரம் பேர், அதில் மனித ஜாதியில் நான் ஒருவன்தான். ஆயுதப் பரிசோதனைக்கு ஒரு மேஜை, அதன் பின்னால் முகமெல்லாம் பச்சையடித்து, தலையில் இரண்டு கொம்பு வைத்த ஒரு பெண். துணியை விலக்கிக் காட்டினேன்.

“மொனை ஆரஞ்சா இருக்கணும் சார். இல்லன்னா போலீஸ்காரங்க நெசத் துப்பாக்கின்னு நெனைச்சிருவாங்க.”

“செர்ரிச் சிவப்புல யாரும்மா நெசத் துப்பாக்கி வச்சிருக்கான்?”

“ரூல் சார்” என்று சொல்லி, என் ஐந்து கோட்டின் மேல் ஆரஞ்சு டேப்பை மூன்று சுற்று சுற்றினாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்க என்ன வேஷம் சார்?” என்றாள்.

“நான் அப்பாம்மா.”

“சூப்பர். அப்படியே இருக்கு” என்றாள்.

உள்ளே மார்னி நின்றாள். கோட்டு கிழிந்திருந்தது, பூட்ஸெல்லாம் சேறு, கன்னத்தில் கரி. வழியில் விழுந்துவிட்டாள் என்று பதறி ஓடினேன். விழவில்லையாம், மூன்று கிரகம் தப்பி ஓடிவந்த கள்ளக்கடத்தல்காரி வேஷமாம், சேறு அவளே தீட்டியதாம். அந்தக் கந்தலுக்கு நடுவில் நான் துணியைப் பிரித்தேன். பிரசவ ஆஸ்பத்திரியில் அவளை முதலில் என் கையில் கொடுத்தபோதுகூட அப்படிப் பளபளக்கவில்லை. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கமான விஷயமாக இருந்திருக்கும். கட்டைவிரலால் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள், இரண்டு தரம்.

“அப்பா, இத மூடிட்டியா?” என்றாள்.

“விரிசல்தானேம்மா.”

“விரிசல்தான்” என்றாள்.

அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நடுவர் ஒருவர், தகரக் கவசம் போட்ட தாடிக்காரர், அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேஷத்தோட ஒட்டலைதான், ஆனா என்ன ஃபினிஷிங்! யார் வேலை இது?” என்றார். மேல் கோட்டிங்கைத் தவிர மற்றதெல்லாம் போட்டியாளர் கைவேலையாக இருக்க வேண்டும் என்பது விதி. தன் வேலை என்று அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். “எங்க அப்பா வேலை” என்றாள். பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் நாலு பேர் நடுவில் அவள் என் வேலையை என் வேலை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மேடையிலிருந்து இறங்கி வந்து துப்பாக்கியை என் கையில் வைத்தாள். “நீயே வச்சுக்க. இதுல என்னோடது ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

இதற்குத்தான் நாற்பது நிமிடத் திட்டு. புதுசாக வாங்கியதைப் பழசாக்கினால் கைதட்டுகிறார்கள். நான் அறுபத்தாறு வருஷம் கஷ்டப்பட்டு அசல் பழசாகியிருக்கிறேன், எனக்கு ஒருத்தன் பரிசு தரவில்லை. அது அவள் பிறந்த நாளுக்கு நீ வாங்கிக் கொடுத்த அதே பொம்மை என்று திட்டும்போது சொன்னாய். எனக்கெப்படி அடையாளம் தெரியும்? அந்தப் பழைய கதையை வேறு இழுத்தாய். பதினாலு வயதில் என் கராஜில் என் ஸ்பிரே கன்னை எடுத்து அந்தப் பொம்மைக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தாள், பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் காரின் கதவெல்லாம் வெள்ளித் தூசி. எனக்குக் கோபம் வந்தது உண்மை. பொம்மை வாசல் சிமெண்டில் விழுந்ததும் உண்மை. கை தவறி விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கராஜுக்குள் கால் வைக்காததற்கு நான் பொறுப்பா?

ஆகையால், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, சீட்டைப் பார்க்கவில்லை, பாசத்தால் செய்துவிட்டான் என்று அவளிடம் பக்குவமாகச் சொல். ஜூலை நாலாம் தேதி இறைச்சி சுடுவேன், அவளையும் கூட்டிக்கொண்டு வா. உன் முழங்கால் குணமாகட்டும். உன் பூனைக்கு என் விசாரிப்பு, அது என்னைக் கடித்ததை மன்னித்துவிட்டேன். கர்த்தர் உன் வீட்டையும் உன் குரலையும் காப்பாராக.

உன் தம்பி,
டுவைட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை எனக்கு வராது. மேலே எழுதியதை அவளுக்குப் படிக்காதே, இதை மட்டும் படி. சீட்டு குப்பைக்குப் போகவில்லை, என் சட்டைப் பையில் இருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் முதலில் படித்ததே அதைத்தான். “அப்பா, பளபளப்பு இல்லாத மேட் கோட்டிங் மட்டும் போதும். எதையும் தேய்க்காதே. கைப்பிடியில் இருக்கிற விரிசலை அப்படியே விடு, அது எனக்கு வேணும்” என்று எழுதியிருக்கிறாள். பொம்மையையும் பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். அது கை தவறி விழவில்லை. நான் எறிந்தேன், அக்கா. என்னைப் போலப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட முதல் நாள் அது.

நான் அடிக்கிற கோட்டிங் இருபது வருஷம் தாங்கும். நான் எறிந்த எறியை நானே இருபது வருஷத்துக்கு அழியாமல் பத்திரப்படுத்திக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. விரிசலில் மட்டும் நகக்கண் அளவு பட்டி வைத்தேன். வைத்த இடம் தனியாகத் தெரிந்தது. அதை மறைக்கக் கைப்பிடி முழுக்க அடித்தேன். கைப்பிடி புதிதாக இருந்ததால் மற்ற இடம் பொருந்தவில்லை. எந்தப் பெயிண்டரைக் கேட்டாலும் சொல்வான், ஒரு இடத்தைத் தொட்டால் முழுசையும் தொட்டாக வேண்டும். நிமிர்ந்து பார்த்தபோது அவள் தீட்டியதில் ஒன்றும் மிச்சமில்லை.

இன்று காலை அதை ஜன்னல் வெயிலில் வைத்துப் பார்த்தேன். பட்டி காய்ந்து உள்வாங்கிவிட்டது. ஐந்து கோட்டுக்கு அடியிலிருந்து அந்த விரிசல் மயிரிழை அளவுக்கு மேலே வந்திருக்கிறது. வாட்டர் பேப்பர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் தேய்க்கவில்லை என்று அவளிடம் சொல்.