பதவிக்கேற்ற பரப்பளவு

அநீதி இழைக்கப்பட்டவர் என் அப்பா. இழைத்தது, அவர் வேலை பார்க்கும் நில அளவைத் துறை. இழைத்த விதம்: கோடை விடுமுறையைக் குடும்பத்தோடு கழிக்க அவருக்கு ஒரு தீவு ஒதுக்கப்பட்டது. அந்தத் தீவு நாளில் பாதி நேரம் இருக்காது.

இருக்காது என்றால், கடலுக்குள் போய்விடும். நீர் வற்றும்போது வெளியே வரும், ஏறும்போது உள்ளே போகும். எருமை குளிக்கும்போது முதுகு மட்டும் தெரியுமே, அந்த மாதிரி ஒரு கரும்பாறை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். மிகைப்படுத்த எனக்கு எந்த வாய்ப்பையும் துறை விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் அதுவே செய்துவிட்டது.

எங்கள் கரைக்கு எதிரே, மாலை அறுந்து மணிகள் உருண்டோடிய மாதிரி, தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. வருடம் முழுக்க நல்ல வெயில். அப்பா துறையில் வரைவாளர். அத்தனை தீவுகளின் வளைவு நெளிவுகளும் அவர் கையால் வரைபடத்தில் ஏறியவை. ஒன்றிலும் அவர் கால் வைத்ததில்லை.

இந்தக் கோடையில் போயே தீருவது என்று முடிவானதற்குக் காரணம் அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நின்றுகொண்டே தூங்கத் தெரிந்தவள். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள், பால் பொங்குவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவாள். படுத்து, புரண்டு, யாரும் மணி அடிக்காமல் தூங்கியதுதான் இல்லை. தலைமை நர்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் விடுப்பு வாங்கியிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் அப்பா வரைபடத்தை விரித்தார்.

"பெரிய தீவுல கலங்கரை விளக்கம் இருக்கு, ஐஸ்கிரீம் கடை இருக்கு. வடக்கால இருக்கறதுல நல்ல மணல். உனக்கு எது வேணும், சொல்லு."

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

"இது தலையணை மாதிரி இருக்கு. இதுக்குப் போலாம்."

"ஏன்?"

"அதான் சொன்னேனே, தலையணை மாதிரி இருக்கு."

இதைவிடத் தெளிவான காரணத்தை நான் பல்கலைக்கழகத்தில்கூடக் கேட்டதில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே தலையணை.

ஆனால் அரசு ஊழியர் தானாக ஒரு தீவுக்குப் போய்விட முடியாது. அதற்கு ஒரு சுற்றறிக்கை உண்டு. அது பிறந்த கதை இது.

போன கோடையில் துறையின் இயக்குநர் பெரிய தீவில் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தலை முளைத்து, "வணக்கம் சார்" என்றது. தலைமை எழுத்தரின் தலை. இருவர் உடம்பிலும் பதவியைக் காட்டும்படி எதுவும் இல்லை. அரை டிரவுசர்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து இயக்குநரை மட்டும் கவிழ்த்துப் போட்டது. தலைமை எழுத்தரைத் தொடவில்லை. அலைக்குப் பணிமூப்பு தெரியாது.

கரையேறிய இயக்குநர் முதல் வேலையாக ஆணையிட்டார்: "அலுவலர்தம் மாண்பு கடல்நீரிலும் கரையாது காக்கப்பட வேண்டியதன் இன்றியமையாமை கருதி, எந்த ஊழியரும் தமக்கு மேலுள்ளவர் தங்கும் தீவைவிடப் பரப்பளவில் மிகுந்த தீவில் விடுமுறையைக் கழித்தலாகாது."

அப்பா பதறவில்லை. "இயக்குநருக்குப் பெரிய தீவு. அடுத்தவருக்கு அடுத்தது. அப்படியே இறங்கி வந்தாலும் நமக்குத் தலையணை தாராளமாக் கிடைக்கும்" என்றார்.

கிடைத்திருக்கும். ஆனால் இயக்குநர் நடுவில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்தார்.

அங்கே 'குறைத்து வாழ்தல்' கற்றுக்கொடுத்தார்களாம். இப்போது பெரிய மனிதர்களிடையே அதுதான் நாகரிகம். வந்ததும் அறையிலிருந்த மேஜை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் வெளியேற்றினார். கோப்புகளைப் பக்கத்து அறைக்குத் தள்ளினார். அங்கே இணை இயக்குநர் கோப்புகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டார். இயக்குநர் ஒரு பாயில் உட்கார்ந்தார். குளிர்சாதனம் மட்டும் இருந்தது. குளிர் கண்ணுக்குத் தெரியாததால் அது உடைமை ஆகாது என்று விளக்கம் தரப்பட்டது.

விடுமுறைக்கும் அவர் எளிமையைத்தான் தேர்ந்தெடுத்தார்: ஒரு குடிசையும் ஒற்றை மரமும் உள்ள குட்டித் தீவு.

துறையே நடுங்கியது. விதிப்படி இனி மற்ற எல்லாரும் அதைவிடச் சிறியதற்கல்லவா போக வேண்டும்! இணை இயக்குநர் மரமே இல்லாத திட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, "எனக்கு நிழல்னாலே தும்மல் சார்" என்றார். கண்காணிப்பாளருக்கு நண்டுகள் மட்டும் வாழும் மணல்மேடு. தலைமை எழுத்தருக்கு, நிற்கலாம், படுக்க முடியாது என்கிற அளவில் ஒன்று. அதற்கும் கீழே அப்பா. மிச்சமிருந்தது எருமை முதுகு.

அப்பா செய்தியைச் சொன்னபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் வெளிய இருக்கும்?"

"பாதி நாள்."

"மீதி பாதி?"

"முழங்காலுக்கு மேல தண்ணி வராதுன்னு சொல்றாங்க."

"நின்னுட்டே தூங்கறதுக்கு நான் ஆஸ்பத்திரிலயே இருந்துக்குவேனே" என்றாள் அம்மா. கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்குத்தான் உச்சந்தலை கொதித்தது.

மறுநாள் கண்காணிப்பாளர் முன் போய் நின்றேன்.

"சார், அந்தத் தீவு இருக்கா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

"வரைபடத்துல இருக்கே. உங்கப்பாதான் வரைஞ்சாரு."

"கடல்ல இருக்கா?"

"கடல் நம்ம துறை இல்லம்மா."

"தண்ணி ஏறினா நாங்க எங்க போறது?"

அவர் யோசிக்கவே இல்லை. பதில் ஏற்கனவே தயாராக இருந்தது. "பாறை மேல இருக்கறப்ப உங்கப்பா விடுப்புல இருக்காரு. மூழ்கிட்டா களப்பணில இருக்காரு. அரை நாள் விடுப்பு மிச்சம். யாருக்கும்மா கிடைக்கும் இந்தச் சலுகை?"

இதற்கு மேல் அவரோடு பேசினால் நானே ஒப்புக்கொண்டுவிடுவேன் போலிருந்தது. நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்கார எதுவும் இல்லை. தரையில் உட்கார்ந்தேன்.

"சார், எளிமைதான் பெருமை. சரிதானே?"

"மிகச் சரி."

"அப்ப யாருடைய தீவு சின்னதோ அவர்தான் பெரிய மனுஷர்?"

"நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கியேம்மா!"

"உங்களைவிட இணை இயக்குநர் தீவு சின்னது. அவரைவிடக் கண்காணிப்பாளரது. எல்லாரையும்விடச் சின்னது எங்கப்பாவுது. பாதி நாள் தீவே இல்லாம இருக்கப் போறார். அப்ப இந்தத் துறையிலேயே மிகப் பெரிய மனுஷர் ஒரு வரைவாளர். உங்களுக்குத்தான் கடைசி இடம். உங்களுக்குச் சம்மதம்னா எங்களுக்குப் பிரச்சினை இல்ல சார்."

இயக்குநர் சம்மணம் கலைந்து எழுந்தார்.

"இதை ஏன் யாருமே என் கவனத்துக்குக் கொண்டுவரல?"

அன்று மாலையே திருத்தம் வெளியானது. "மேற்படி சுற்றறிக்கையில் 'மிகுந்த' என வருமிடத்தில் 'குறைந்த' எனத் திருத்தி வாசிக்கவும்."

ஒரே ஒரு சொல். துறை தலைகீழாகிவிட்டது. இனி யாரும் மேலதிகாரியின் தீவைவிடச் சிறியதற்குப் போகக்கூடாது. பதவி இறங்க இறங்கத் தீவு பெரிதாகும். எங்களுக்கு விழுந்தது எது? தலையணையேதான்!

வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி. நான் வீட்டுக்குள் நடக்கும்போதே தரையில் கால் படவில்லை. அம்மா பையை எடுத்துத் தூசி தட்டினாள். அப்போது அப்பா வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னப்பா? அதான் கிடைச்சிடுச்சே!"

"கிடைச்சுது. அட்டெண்டருக்கு எது கிடைச்சிருக்கு, தெரியுமா?"

அட்டெண்டர் அக்கா துறையில் கோப்பு சுமப்பவர், தேநீர் கொடுப்பவர், எல்லாருக்கும் கீழே இருப்பவர். பழைய விதிப்படி அவர் வரைக்கும் தீவே மிஞ்சவில்லை.

"எதுப்பா?"

"பெரிய தீவு. கலங்கரை விளக்கம். ஐஸ்கிரீம் கடை."

"இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் அம்மா. "நமக்குக் கேட்டது கிடைச்சாச்சுல்ல?"

"உனக்குப் புரியாது. இது மாண்பு சம்பந்தப்பட்டது."

நான் சமத்துவத்துக்காக மேடையேறிப் பேசியிருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் கோப்பு தூக்குகிறவருக்குக் கலங்கரை விளக்கமா என்று எனக்கும் உள்ளே ஏதோ உறுத்தியது. உறுத்தல் மெல்ல மெல்ல வாதமாக உருவெடுத்தது. நல்ல வாதம் வேறு. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கொட்டாவி விட்டாள். வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

வழி கண்டுபிடித்தவர் இணை இயக்குநர். "விடுப்புக் காலத்துக்கு மட்டும் என்னை அட்டெண்டராகக் கருதுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று விண்ணப்பித்தார். மறுநாள் கண்காணிப்பாளரும் தாழ்மையடைந்தார். அதற்கடுத்த நாள் தலைமை எழுத்தர். அப்பாவின் விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களுடையதைவிட அதில் தாழ்மை கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

இயக்குநர் சில நாள் தாக்குப்பிடித்தார். அவர் மனைவி, "ஒத்தை மரத்தடியில நீங்களே உக்காந்துக்குங்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றதும் அவருக்கும் ஞானம் வந்தது. எளிமையின் உச்சம் பதவியையே குறைத்துக்கொள்வதுதான் என்று அறிவித்து, எல்லாருடைய பதவியிறக்கத்தையும் அங்கீகரித்து, கடைசியில் தன்னுடையதிலும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் துறையில் அட்டெண்டர்களைத் தவிர யாரும் இல்லை.

எல்லாரும் ஒரே பதவி என்றால் பணிமூப்பைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் அட்டெண்டராகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆகவே விதிப்படி துறையின் பொறுப்பு அட்டெண்டர் அக்காவிடம் போயிற்று. விடுப்புக் கோப்புகளும் போயின. அதற்குள் அம்மாவின் விடுப்பு வாரமும் தொடங்கிவிட்டது. அப்பாவும் நானும் அரக்கப்பரக்க ஓடினோம்.

அக்கா இயக்குநர் அறையில் இருந்தார். முதல் ஆணையாக நாற்காலியைத் திரும்ப வரவழைத்திருந்தார். வாசலில் இணை இயக்குநர் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார்.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்து. எங்கம்மாவோட லீவு ஓடிட்டிருக்கு" என்றேன்.

"எனக்கு மட்டும் ஓடலியாம்மா? போன வாரம் வரைக்கும் நான் எல்லாருக்கும் கீழ. நிம்மதியா இருந்தேன். பெரிய தீவுன்னு என் பசங்க ஆளுக்கொரு தொப்பிகூட வாங்கிட்டாங்க. எல்லாருமா கீழ இறங்கி வந்து என்னைத் தூக்கி மேல உக்கார வச்சுட்டீங்க. மேல இருக்கறவங்களுக்கு விதிப்படி எது?"

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"ஒத்தை மரம்" என்றார் அப்பா மெதுவாக.

"அந்த விதியை மாத்த வச்சது யாரு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் குளிர்சாதனத்தைப் பார்த்தேன்.

"மாத்திடுங்களேன் அக்கா. இப்ப உங்க கைலதானே எல்லாம் இருக்கு?"

அக்கா நாற்காலியில் சாய்ந்தார். அந்தச் சாய்வை இதற்கு முன் நான் எங்கோ பார்த்திருக்கிறேன். எல்லா அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறேன்.

"எடுத்தோம் கவிழ்த்தோம்னு செய்யற காரியமாம்மா இது? பொருள் பரிசீலனையில இருக்கு. அடுத்த வாரம் வந்து பாருங்க."

வழியெல்லாம் ஒரே யோசனை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பா ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், பாதியில் விட்டுவிடுவார். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. உள்ளே இருவருக்குமான சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருந்தது.

போன் செய்தேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். தொண்டையில் தூக்கம். பின்னால் ஹோவென்று ஏதோ இரைந்தது.

"அம்மா, எங்க இருக்க?"

"தலையணைல."

"எந்தத் தலையணைல?"

"ரெண்டுலயும்தான்டி."

அப்பா போனைப் பிடுங்கினார். "அங்க எப்படிப் போன? யார் அனுமதிச்சா? எந்த விதிப்படி?"

"நான் எப்பங்க உங்க ஆபீசுல சேர்ந்தேன்? காலைல துறைமுகத்துக்குப் போனேன். படகுக்காரர் 'வர்றீங்களா'ன்னாரு. 'வர்றேன்'னேன்."

போனை நடுவில் வைத்துக்கொண்டு அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாதத்தில் எங்காவது ஓட்டை இருக்கும் என்று நான் மேலும் கீழும் தேடினேன். இல்லை.

"சரி, அப்ப நாங்க?" என்றார் அப்பா.

அம்மா நிதானமாக ஒரு கொட்டாவி விட்டு முடித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் நல்லா வாதாடி, யார் மேல யார் கீழன்னு முடிவு பண்ணிட்டு மெதுவா வாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் வேற தீவு பாத்துக்கறேன்."