வெள்ளைக் கோட்டுக்கு மூன்றாம் திறப்பு விழா

தட்டில் இருப்பது தோசையா உப்புமாவா என்று முனியராஜ் யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏலே முனியராஜ், கோடு எங்கலே?"

பேசியவர் சங்கரபாண்டியன், வார்டு கவுன்சிலர் லட்சுமிகாந்தத்தின் வீட்டுக்காரர். ஓட்டு வாங்கி ஜெயித்தது அந்த அம்மா. கையெழுத்துப் போடுவதும் அந்த அம்மா. மற்றதெல்லாம் இவர். வார்டில் இவரைத்தான் கவுன்சிலர் என்பார்கள். அந்த அம்மாவைக் கவுன்சிலர் சம்சாரம் என்பார்கள்.

"எந்தக் கோடு அண்ணாச்சி?"

"தண்ணித்தொட்டி ஸ்டாப்புல சனங்க ரோட்டக் கடக்க வெள்ளக் கோடு போட்டியே, அதத்தான் கேக்கேன். தெறந்து ஒரு வாரம் ஆகல. பாதியக் காணோம். வந்து பாரு."

முனியராஜ் பெயிண்டர். பட்டாசுக் கம்பெனிச் சுவர்களில் 'புகை பிடிக்காதே' என்று எழுதியே பிழைத்து வந்தவன். நகரசபை வேலை இப்போதுதான் கைக்கு வர ஆரம்பித்திருந்தது. தண்ணித்தொட்டிக் கோடு நன்றாக நின்றால் ஊரில் மற்ற வார்டுகளின் கோடும் அவனுக்குத்தான் என்று பேச்சு. நிற்காவிட்டால் மதுரைக்காரன் ஒருவன் மெஷினோடு தயாராக இருந்தான்.

வந்த எரிச்சலை வீட்டில்தான் காட்ட முடிந்தது. தோசையை ஒரு நாளாவது முழுசாகத் திருப்பக் கூடாதா என்று கேட்டான்.

"தோசைத் திருப்பி கம்பெனியில கெடக்கு," என்றாள் அவன் மனைவி சண்முகத்தாய். அவள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிக்கு லேபிள் ஒட்டுகிறவள். "பசைச்சட்டி சொரண்டக் கொண்டு போனேன். கரண்டிக் காம்புல திருப்புனா இப்பிடித்தான் வரும். தின்னுட்டுப் போங்க."

அவன் தின்றுவிட்டுப் போனான்.

தண்ணித்தொட்டி ஸ்டாப்பில் இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் கம்பெனி வேன். விடிந்ததும் பெண்கள் தூக்குச்சட்டியோடு ரோட்டைக் கடந்துதான் வேனில் ஏற வேண்டும். மறுநாள்தான் தீபாவளி என்பதுபோல அந்த ரோட்டில் லோடு வேனும் காலேஜ் பஸ்ஸும் வருஷம் முழுக்கப் பறக்கும். பங்குனியில் ரோஜா என்ற பெண்ணை ஒரு வேன் இடித்துக் காலை ஒடித்துவிட்டுப் போனது. போனதுதான், நிற்கவில்லை. பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போகாமல் நகரசபை வாசலில் உட்கார்ந்தார்கள். கம்பெனிக்காரர்கள் ஆள் இல்லாமல் தவித்துப் போன் மேல் போன் போட்டார்கள். அன்று மத்தியானமே தீர்மானம் நிறைவேறியது.

வார்டு வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் செய்தி வந்தது. 'மக்களின் உயிர் காக்கும் மாபெரும் திட்டம்.' படத்தில் சங்கரபாண்டியன் முழுசாக இருந்தார். கவுன்சிலர் அம்மா பாதி இருந்தார். ரோடு ஓரமாகக் கொஞ்சம் தெரிந்தது.

முனியராஜ் முதல் தடவை கோடு போட்டபோது காய்வதற்காக ரோட்டில் டிரம் வைத்துக் கயிறு கட்டினார்கள். ஒரு போலீஸ்காரரும் நின்றார். ஆளைக் கண்டால் ஹாரன் அடிக்கிற வண்டியெல்லாம் பெட்டிப் பாம்பாக நின்றது. கார்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, டயரில் ஒட்டுமா என்று கேட்டார். ஒட்டினால் போகாது என்றார் போலீஸ்காரர். கார் நாலு அடி பின்னாலேயே போய்விட்டது. பெண்கள் தேர் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டே கடந்தார்கள். சண்முகத்தாய் நடுரோட்டில் நின்று செருப்பு வாரைக்கூடச் சரிசெய்தாள். தன் கோட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று முனியராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கோடு காய்ந்ததும் திறப்பு விழா. அந்த ஊரில் கக்கூஸ் திறந்தாலும் சரம் வெடித்துத்தான் திறப்பார்கள். சங்கரபாண்டியனுக்குச் சொந்தத்தில் பட்டாசுக் கடை வேறு. பெரிய சரம் ஒன்றை எடுத்து வந்து, மாலை போடுவதுபோல அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே நீளமாகப் போட்டுப் பற்ற வைத்தார். வெடித்து முடிந்தபோது வெள்ளைக் கோடு கறுப்புக் கோடாக இருந்தது. அதுவும் கணுக்கால் அளவு காகிதத்துக்கு அடியில் இருந்தது. புகைக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. இனிமேல் இந்த இடத்தில் ஓர் உயிர் போகாது என்றது.

டிரம்மை எடுத்தார்கள். எடுத்த வேகத்தில் ஒரு லோடு வேன் வந்தது. கோட்டின் அழகைப் பார்த்துக்கொண்டு நின்ற முனியராஜ் ஓரத்துச் சாக்கடைக்குள் குதித்துத்தான் தப்பித்தான்.

இப்போது அந்தக் கோட்டில்தான் பாதியைக் காணோம்.

முனியராஜ் குனிந்து பார்த்தான். சரம் கருக்கின இடங்கள் அங்கங்கே தெரிந்தன. அவனுக்கு உயிர் வந்தது.

"அண்ணாச்சி, கோட்டு மேலயே சரத்தப் போட்டீகள்ல. அந்தச் சூட்டுலதான் பொரிஞ்சு போச்சு."

சங்கரபாண்டியனுக்கு முகம் சுருங்கியது. "எங்க சரக்கச் சொல்லுதியா? அது சத்தந்தான் குடுக்கும். சேதாரம் பண்ணாதுலே." பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, அடுத்த தடவை ஓரமாகப் போடுவதாக ஒத்துக்கொண்டார். அடுத்த தடவை திறப்பு விழாவே வேண்டாம் என்று சொல்லத்தான் முனியராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் அவர் போட்டோக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுபடி பெயிண்ட், மறுபடி டிரம், கயிறு, போலீஸ்காரர். மறுபடி திறப்பு விழா. சரத்தை ஓரமாகத்தான் போட்டார்கள். ஓரத்தில் காளீஸ்வரனின் டீக்கடை இருந்தது. கடைக்கு மேலே தார்ப்பாய் இருந்தது. விழா முடிந்தபோது தார்ப்பாய் இல்லை.

காளீஸ்வரன் கவுன்சிலர் வீட்டுக்காரரை ஒன்றும் சொல்ல முடியாது. கடை இருப்பது நகரசபை இடம். அதனால் முனியராஜைச் சொன்னான். டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் அது பெயிண்டே இல்லை, வெறும் சுண்ணாம்பு என்றான். நாலு நாளில் அந்தக் கோடும் பெயர்ந்து போனதும் அவன் பேச்சு மெய்யாகிவிட்டது. முனியராஜ் தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள்கூடச் சுண்ணாம்பு என்று கூப்பிட ஆரம்பித்தன.

டீ டம்ளர் கழுவின வெந்நீரைக் காளீஸ்வரன்தான் வேண்டுமென்றே கோட்டில் ஊற்றுகிறான் என்று முனியராஜ் நினைத்தான். நேரே போய்க் கேட்டும் விட்டான். காளீஸ்வரன் ஒரு டம்ளர் வெந்நீரை எடுத்து முனியராஜின் சட்டையில் காய்ந்திருந்த பெயிண்டின் மேல் ஊற்றினான். பெயிண்ட் போகவில்லை. முனியராஜ்தான் துள்ளினான்.

நகரசபைக் கூட்டத்தில் எதிர்க்கோஷ்டி உறுப்பினர் ராஜபாண்டியன் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே உரிந்த வெள்ளைச் சில்லு இருந்தது. இது பெயிண்ட் அல்ல, ஊழல் என்றார். அவர் வார்டில் வெள்ளைக் கோடே கிடையாது, அதனால் உரிவதற்கும் ஒன்றும் இல்லை. லட்சுமிகாந்தம் அம்மா பதில் சொல்ல எழுந்தார். அந்த வாரம் சொல்ல வேண்டியதை வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் முனியராஜ் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சண்முகத்தாய் கம்பெனியிலிருந்து வந்து, நக இடுக்கில் இருந்த வெள்ளையைக் குச்சியால் நோண்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். சனியன் பிடித்த பசை, கழுவினாலும் போக மாட்டேன் என்கிறது என்றாள்.

"நான் கலப்படம் பண்ணுனனாம். ஊரே சொல்லுது."

"ஊரு கெடக்கு. நீங்க நல்லாத்தான் அடிச்சிருக்கீக. உங்க பெயிண்டு லேசுல உரியாது. எனக்குத் தெரியாதா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவன் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டில் விழுந்த பிய்ந்த தோசையை மறுபேச்சில்லாமல் தின்றான்.

மூன்றாம் தடவை முனியராஜ் தன் கைக்காசில் உசத்தியான பெயிண்ட் வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகப் பூசினான். கனமாகப் பூசியதால் காய நாளானது. டிரம் கூடுதல் நாள் நின்றது. வண்டிகளும் நின்றன. காலேஜ் பஸ் டிரைவர் வாயில் வந்தபடி பேசினார். ரோஜா கம்பை ஊன்றிக்கொண்டு, நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் கடந்தாள்.

சங்கரபாண்டியன் இந்தத் தடவை கேமராவும் வைத்தார். தண்ணித்தொட்டிக்கு மேலே, கோட்டைப் பார்த்த மாதிரி. கோட்டுக்கும் கேமராவுக்கும் சேர்த்து மூன்றாம் திறப்பு விழா நடந்தது. சரம் இரண்டாகியது. விழாவுக்குக் கூட்டம் சேர்க்கிற வேலையும் இல்லை. வேனுக்கு நிற்கிற பெண்களே இருந்தார்கள். கை தட்டச் சொன்னதும் நன்றாகத் தட்டினார்கள்.

ஒரு வாரத்தில் கோட்டில் கால்வாசி போயிருந்தது. சங்கரபாண்டியன் சிரித்தார். ஆள் இன்றைக்கு மாட்டினான் என்று முனியராஜைக் கூட்டிக்கொண்டு போய்க் கேமராப் படத்தை ஓட்டச் சொன்னார். திரையில் ரோடு தெரியவில்லை. அவர்தான் தெரிந்தார். கேமராவை அன்பளித்தவர் என்று அவர் படம் போட்ட பிளெக்ஸை அதற்கு முன்னாலேயே கட்டியிருந்தார்கள். காலையிலும் மத்தியானத்திலும் அவர் திரை முழுக்கக் கும்பிட்டுக்கொண்டே காற்றில் ஆடினார்.

ஓட்டிக் காட்டின பையன் சிரிப்பை அடக்க வெளியே போனான். சங்கரபாண்டியனின் கோபம் முனியராஜ் மேல் வந்தது.

"நாளைக்கு ஒருநாள் உனக்கு. செஞ்சவனப் புடிச்சுக் குடு. இல்லன்னா மதுரைக்காரன் வந்துருவான். அவன் மெஷினுல உருக்கி ஊத்துவான். ஊத்துன ஒடனே காஞ்சிரும். கடப்பாரை போட்டாலும் பெயராதாம். அதோட உனக்கு நகரசபைப் பக்கமே வேலை கெடையாது, பாத்துக்க."

வீட்டுக்கு வந்து முனியராஜ் இதைச் சொன்னான். மாவு கரைத்துக்கொண்டிருந்த சண்முகத்தாயின் கை நின்றது.

"ஊத்துன ஒடனேயா காயும்?"

"ஆமா. டிரம்மு, கயிறு ஒண்ணும் வேண்டாமாம்."

அவள் மாவில் உப்பை இரண்டாம் தடவையாகப் போட்டாள். தன் பிழைப்புப் போவதை நினைத்துத்தான் அவளுக்கு இந்தக் கவலை என்று முனியராஜ் நினைத்தான். ஆளைப் பிடிக்கப் போவதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள். காரியாபட்டியில் ஒரு வீட்டு வேலை இருக்கிறது, விடியக் கிளம்பிவிடுவேன் என்று மட்டும் சொன்னான். அவசரம் இல்லை, சாயங்காலம் வரைக்கும் இருந்து முடித்துவிட்டே வாங்க என்றாள்.

விடிகிற நேரம். முனியராஜ் தண்ணித்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். கையில் ஒரு கட்டை. காளீஸ்வரன் வந்தால் என்ன கேட்க வேண்டும், ராஜபாண்டியன் ஆள் வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் யாரும் வரவில்லை. தெருவிலிருந்து பெண்கள்தான் வந்தார்கள், வேன் வருகிற நேரத்துக்கு வெகு முன்னால். தூக்குச்சட்டிகளை வரிசையாக ஓரத்தில் வைத்தார்கள். ரோஜா கம்பை ஊன்றி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். வண்டி இல்லை என்று தலையசைத்தாள். மற்றவர்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, களை எடுக்கிற மாதிரி கோட்டின் மேல் வரிசையாகக் குந்தினார்கள். கரக் கரக் என்று சத்தம் கேட்டது. ஒருத்தி கையில் தேங்காய்ச் சிரட்டை, ஒருத்தி கையில் உடைந்த ஓடு.

முனியராஜ் கட்டையோடு பாய்ந்தான். கடைசியில் குந்தியிருந்தவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்ததும் கட்டை தானாகக் கீழே விழுந்தது. முனை மழுங்கின, அவன் வீட்டுத் தோசைத் திருப்பி.

"ஏ சம்முகத்தாய்." அவன் திருப்பியைக் கைகாட்டினான். "ஊரே என்னயச் சுண்ணாம்புங்குது. கட்டுனவளே எம் பொளப்புல மண்ணள்ளிப் போடுதியே. ஏளா? உங்களுக்காகத்தான இந்தக் கோட்டயே போட்டேன்?"

தூரத்தில் ஹாரன் கேட்டது. ரோஜா கம்பைத் தூக்கினாள். பெண்கள் எழுந்து ஓரத்துக்கு ஓடினார்கள். முனியராஜையும் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெட்டி ஏற்றிய ஒரு லோடு வேன் மிச்சமிருந்த கோட்டின் மேல் வேகம் குறையாமல் ஏறிப் போனது. காற்றில் ஒரு தூக்குச்சட்டி உருண்டது.

சண்முகத்தாய் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். திருப்பியைச் சேலையில் துடைத்தாள்.

"கோடு காயுற வரைக்குந்தான் வண்டி நிக்குது, பெயிண்டு டயருல ஒட்டுனா போகாதாம், நாங்க ஒட்டுனா கழுவுனாப் போயிருமாம்."